கடல் கடந்த மின்சாரம்

இங்கிலாந்தையும் பிரான்சையும் பிரிக்கும் டோவர் ஜலசந்தி மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர் அகலமே உடையது. வானம் தெளிந்த நாளில் பிரெஞ்சுக் கரையில் நிற்பவர் ஆங்கிலக் கரையின் வெண்ணிறக் குன்றுகளைக் கண்ணால் காணலாம். இந்தச் சிறு கடலைத் தந்திச் செய்தி கடந்தது 1851-ம் ஆண்டில். மின்விசை கடந்தது 1961-ம் ஆண்டில். தந்திக்கும் விளக்குக்கும் வேண்டுவது மின்சாரமே. அப்படியிருக்க, முன்னது சென்ற வழியில் பின்னது செல்வதற்கு 110 ஆண்டுகள் ஏன் ஆயின? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் ஒரு பொறியியல் வரலாறும், அதனோடு பின்னிக் கிடக்கும் ஒரு நாட்டுறவு வரலாறும் நமக்குக் கிடைக்கின்றன.

தந்திக் கம்பியும் முதல் முயற்சியிலேயே நிலைத்துவிடவில்லை. 1850-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜான் பிரெட், ஜேக்கப் பிரெட் என்னும் சகோதரர்கள் டோவரிலிருந்து பிரெஞ்சுக் கரைக்கு ஒரு செம்புக் கம்பியைக் கடலடியில் இறக்கினர். மலேயாக் காடுகளில் கிடைக்கும் கட்டாப்பர்ச்சா என்னும் மரப்பிசினே அதற்கு உறை. வேறு கவசம் எதுவும் இல்லை. மறுநாளே அது அறுந்து போயிற்று. மீனவர் ஒருவருடைய வலையில் அது சிக்கியதென்றும், புதுவகைக் கடற்பாசி ஏதோ அகப்பட்டதாகக் கருதி அவர் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார் என்றும் ஒரு கதை நெடுநாள் வழங்கிவந்தது. கதை மெய்யோ பொய்யோ, கடலடிக் கம்பிக்கும் மீனவர் வலைக்கும் உள்ள வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. பின்னும் நாம் அதனைச் சந்திக்க நேரும். அடுத்த ஆண்டில் இரும்புக் கம்பிகளைக் கவசமாகச் சுற்றி இறக்கிய கேபிள் நிலைத்தது.

செய்தி அனுப்புவது காதோடு காதாக ஒரு சொல்லைச் சொல்வது போன்றது. இம்மியளவு மின்சாரம் மறுமுனை சேர்ந்து ஒரு முள்ளை அசைத்தால் போதும். ஒரு நகரத்தின் விளக்குகளுக்கும் ஆலைகளுக்கும் வேண்டிய விசையை அனுப்புவதோ ஓர் ஆற்றையே வாய்க்காலில் திருப்பிவிடுவதற்கு ஒப்பாகும். நெடுந்தூரம் அனுப்ப உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். அழுத்தத்தை எளிதில் ஏற்றவும் இறக்கவும் டிரான்ஸ்பார்மர் உதவுகிறது. அக்கருவி மாறுதிசை மின்னோட்டத்தில் மட்டுமே வேலை செய்யும். ஆதலின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் உலகம் நேர்திசை மின்னோட்டத்தை விட்டு மாறுதிசை மின்னோட்டத்தை மேற்கொண்டது. நம் வீடுகளுக்கு வருவதும் அதுவே. விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அது போய்த் திரும்புகிறது.

நிலத்தில் கோபுரங்களின்மேல் கட்டிய கம்பிகளில் இந்தப் போக்குவரத்துக்குப் பெரிய இடையூறு இல்லை. கடலடியில் கிடக்கும் கேபிளின் அமைப்பு வேறு. நடுவே செம்பு, அதைச் சுற்றி எண்ணெயில் ஊறிய காகிதமோ வேறு மின்காப்புப் பொருளோ, அதற்கு வெளியே ஈய உறை, பின்பு எஃகுக் கவசம், அப்பால் உப்புநீர். இரண்டு உலோகங்களுக்கு நடுவே மின்காப்பு அமைந்தால், அது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கலமாகிவிடும். மின்னோட்டம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கலத்தை நிரப்பி, வெறுமையாக்கி, மறுபடி நிரப்ப வேண்டும். இது விநாடிக்கு 100 முறை நிகழ்கிறது. கேபிள் நீள நீளக் கலமும் பெரிதாகிறது. கடைமடைக்குப் பாய வேண்டிய நீரை வழிநெடுக வாய்க்காலே குடித்துவிடுவதைக் கண்ட உழவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சில பத்துக் கிலோமீட்டர்களுக்கு மேல் போனால், கேபிள் குடித்தது போக மறுகரைக்கு மிஞ்சுவது சொற்பமே.

குறுகிய கடல்களில் இத்தொல்லை இல்லை. ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் இடையிலுள்ள ஓரசுன்ட் ஜலசந்தியின் அடியில் 1915-ம் ஆண்டிலேயே மாறுதிசைக் கேபிள் ஒன்று இறக்கப்பட்டது. அது முதல் உலகப் போர்க்காலம். மலையும் அருவியும் இல்லாத டென்மார்க் நிலக்கரியை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டிய நாடு. ஸ்வீடனிலோ ஆறுகள் விசைப்பொறிகளைச் சுழற்றிக்கொண்டிருந்தன. இரு நாடுகளின் மின்சாரத்தையும் கடலடியில் இணைக்கும் வழக்கத்துக்கு அங்கேதான் கால்கோள் விழுந்தது எனலாம். பிற்காலத்தில், 1997-ம் ஆண்டில், ஸ்பெயினையும் மொராக்கோவையும் இணைத்ததும் மாறுதிசைக் கேபிளே. ஜிப்ரால்டர் ஜலசந்தி அதற்கு இடம் தரும் அளவுக்குக் குறுகியது.

அகன்ற கடல்களைக் கடக்க, கைவிட்ட நேர்திசை மின்னோட்டத்தையே மீண்டும் அழைக்க வேண்டியதாயிற்று. அது திசை மாறுவதில்லை. கலம் ஒருமுறை நிரம்பிவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஆனால் இரு கரைகளிலும் இருப்பது மாறுதிசை மின்சாரம். ஒரு கரையில் அதை நேர்திசையாக்கிக் கடலுக்குள் அனுப்பி, மறுகரையில் மீண்டும் மாறுதிசையாக்க வேண்டும். லட்சம் வோல்ட் அழுத்தத்தைத் தாங்கி இவ்வேலையைச் செய்யும் கருவி அக்காலத்தில் எவரிடமும் இல்லை.

அதை உருவாக்கியவர்களுள் தலையாயவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் உனோ லாம். 1904-ல் பிறந்த அவர், அசேயா என்னும் கம்பெனியில் பணிபுரிந்தார். காற்றகற்றிய கலத்தினுள் பாதரசத் தேக்கத்திலிருந்து ஒரு மின்வில்லை எழுப்பினால், மின்னோட்டம் ஒரு திசையில் மட்டுமே பாயும். இது முன்பே தெரிந்த செய்திதான். அழுத்தம் ஏறும்போது மின்வில் திடீரெனப் பின்னோக்கிப் பாய்ந்து கருவியைக் கெடுத்துவிடும் என்பதே குறை. கலத்தினுள் இடையிடையே உலோக வளையங்களை அமைத்து அழுத்தத்தைப் படிப்படியாகப் பங்கிடும் முறைக்கு லாம் 1929-ல் காப்புரிமை பெற்றார். அம்முறை வணிகத்துக்குப் பயன்பட மேலும் 25 ஆண்டுகள் பிடித்தன. 1945-ல் மெல்லருட், ட்ரால்ஹேட்டன் என்னும் ஊர்களுக்கு இடையே ஒரு சோதனைத் தொடர் அமைத்து அவரும் அவருடைய தோழர்களும் வால்வுகளைப் பல்லாண்டுகள் சோதித்தனர். பாதரசத்தின் மனப்போக்கை அறிவதற்கு அத்தனை காலம் வேண்டியிருந்தது போலும்.

இதே காலத்தில் ஜெர்மனியரும் சும்மா இருக்கவில்லை. எல்பா நதிக்கரையிலிருந்து பெர்லினுக்கு நிலத்தடியில் நேர்திசைக் கேபிள் ஒன்றைப் போர்க்காலத்தில் பதித்தனர். வான்படைக் குண்டுக்குத் தப்புவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அது பயனுக்கு வருமுன் போர் முடிந்தது. சோவியத் படையினர் கருவிகளைக் கழற்றிக்கொண்டு போய், 1951-ல் மாஸ்கோவுக்கும் காஷிராவுக்கும் இடையே அமைத்தனர். தோற்றவனுடைய கருவி வென்றவனுடைய ஊரில் விளக்கேற்றியது.

கடலைக் கடந்த முதல் பெருமை காட்லண்டு தீவுக்கு உரியது. பால்டிக் கடலின் நடுவே கிடக்கும் இத்தீவு ஸ்வீடனைச் சேர்ந்தது. தலைநிலத்தில் நீர்விசை மலிவு. தீவிலோ எரிபொருளைக் கப்பலில் கொண்டுவந்து எரித்தாக வேண்டும். விலை வேற்றுமையால் தொழில்கள் தீவுக்கு வரத் தயங்கின. ஸ்வீடன் அரசின் மின்வாரியம் 1950-ல் துணிந்து ஆணையிட்டது. 1954-ம் ஆண்டில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைக் கேபிள் வழியாக லட்சம் வோல்ட் அழுத்தத்தில் 20 மெகாவாட் மின்விசை தீவை அடைந்தது. போகும் வழிக்குத்தான் கேபிள். திரும்பும் வழிக்குக் கடல்நீரே கம்பியாயிற்று. இன்றைய கணக்கில் 20 மெகாவாட் என்பது சில காற்றாலைகளின் வேலை. ஆயினும் ஒரு தீவு முழுவதும் கடலடிக் கேபிள் ஒன்றை நம்பி வாழலாம் என்பதை உலகம் அப்பொழுதுதான் கண்டது.

இனி ஆங்கிலக் கால்வாய்க்குத் திரும்புவோம். காட்லண்டுக்கு மின்சாரம் அனுப்பியது ஒரே அரசு. பெற்றவரும் அதன் குடிகளே. இங்கிலாந்தும் பிரான்சும் அப்படியல்லவே. ஒருவருக்கொருவர் மின்சாரம் அனுப்ப அவர்களுக்கு என்ன தேவை வந்தது? இதற்கு விடை கடிகாரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பிரெஞ்சுக் கடிகாரம் ஆங்கிலக் கடிகாரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடும். ஆலை தொடங்கும் நேரம், உணவு நேரம், விளக்கேற்றும் நேரம் எல்லாம் இரு கரைகளிலும் வெவ்வேறு. மின்சாரத்தின் உச்சத் தேவை இங்கு ஒரு வேளையில், அங்கு வேறொரு வேளையில். உச்சத் தேவைக்காகவே கட்டிய மின்நிலையம் மற்ற நேரங்களில் சும்மா நிற்கும். உன்னுடைய உச்சத்துக்கு என் மிச்சம், என்னுடைய உச்சத்துக்கு உன் மிச்சம் என்று ஏற்பாடு செய்துகொண்டால் இருவருக்கும் சில நிலையங்களைக் கட்டும் செலவு குறையும். பாசனத்துக்குத் திறந்துவிடும் நீரைப் பொறுத்து ஓடும் மேட்டூரையும், நீலகிரி மழையைப் பொறுத்து ஓடும் பைக்காராவையும் முன்னாளில் சென்னை மாகாணத்தார் கம்பியால் இணைத்ததற்கும் இதுவே காரணம்.

1961-ம் ஆண்டில் கென்ட் மாவட்டத்து லிட் என்னும் ஊரிலிருந்து பூலோன் நகரை அடுத்த எஷிங்கன் வரை கேபிள் அமைந்தது. அதன் ஆற்றல் 160 மெகாவாட். லாமின் பாதரச வால்வுகளே இங்கும் பணி செய்தன. காட்லண்டைப் போலக் கடல்நீரைத் திரும்பும் வழியாக்க இங்கு இயலவில்லை. உலகிலேயே கப்பல் நெரிசல் மிகுந்த கடல் இது. ஒற்றைக் கேபிளில் ஓடும் பெருமின்னோட்டம் கப்பல்களின் திசைகாட்டி முள்ளைத் திருப்பிவிடக் கூடும். ஆகவே போகவும் வரவும் இரண்டு கேபிள்கள் இறக்கப்பட்டன. ஒன்றின் காந்த விளைவை மற்றது அழித்தது.

நேர்திசை மின்னோட்டத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. நாட்டுறவைப் பேசும் நமக்கு அது முக்கியமானது. மாறுதிசைக் கம்பியால் இரண்டு மின்தொகுப்புகளை இணைத்தால், இரண்டும் ஒரே தாளத்தில் துடித்தாக வேண்டும். ஒரு பக்கத்துத் தடுமாற்றம் மறுபக்கத்தையும் ஆட்டும். நேர்திசைக் கேபிளோ இரு தொகுப்புகளுக்கும் நடுவே நிற்கும் மதகு போன்றது. வேண்டிய அளவு திறக்கலாம், மூடலாம், திசையையும் மாற்றலாம். அவரவர் தாளம் அவரவருக்கு. நம் நாட்டின் தென்மண்டலத் தொகுப்பும் இப்படித்தான் நெடுங்காலம் நேர்திசைத் தொடர்களால் மட்டுமே வடக்கோடு கை கோத்திருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர்த் தொடர் இயங்கத் தொடங்கியபோதுதான் நாடு முழுவதும் ஒரே தாளத்துக்கு வந்தது. தம் தாளத்தை விட்டுக்கொடுக்க விரும்பாத இரு பழம்பெரும் நாடுகளுக்கு நேர்திசை ஏற்பாடு மிகவும் பொருந்தியது.

அந்த முதற் கேபிளின் ஆயுள் அமைதியாகக் கழியவில்லை. கடலடியை வாரிச் செல்லும் இழுவலைகளும் கப்பல்களின் நங்கூரங்களும் அதை அடிக்கடி காயப்படுத்தின. 1850-ம் ஆண்டின் வழக்கு மீண்டும் மன்றமேறியது என்று சொல்லலாம். 1984-ல் அதை ஓய்வுபெறச் செய்தனர். 1986-ல் வந்த புதிய இணைப்பின் ஆற்றல் 2000 மெகாவாட். முன்னதைப் போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல். கடலடியில் எட்டுக் கேபிள்கள். இம்முறை அவற்றை வெறுமனே கிடத்தவில்லை. அடிநிலத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டிப் புதைத்தனர். பாதரசத்தின் இடத்தைத் தைரிஸ்டர் என்னும் சிலிகன் வால்வு பிடித்துக்கொண்டது.

சமமான பரிமாற்றம் என்று தொடங்கிய ஏற்பாடு நாளடைவில் ஒருவழிப் பாதை போலாயிற்று. பிரான்சில் அணுமின் நிலையங்கள் பெருகவே, மலிவான மின்சாரம் பெரும்பாலும் வடக்கு நோக்கியே ஓடியது. ஆங்கிலேயர் வாங்குவோர், பிரெஞ்சுக்காரர் விற்போர் என்ற நிலைமை பல்லாண்டுகள் நீடித்தது. 2022-ல் பிரெஞ்சு அணு உலைகள் பலவற்றின் குழாய்களில் அரிப்புக் காணப்பட்டு அவை நிறுத்தப்பட்டபோது காற்று திசை திரும்பியது. அந்த ஆண்டில் பிரிட்டன் மொத்தத்தில் மின்சாரத்தை விற்ற நாடாயிற்று. ஒப்பந்தம் எழுதியவர்கள் எதிர்பார்த்தது கடிகார வேற்றுமை. கை கொடுத்ததோ எவரும் எதிர்பாராத பழுது.

கால்வாயை விட்டு வடக்கே போனால் இன்னும் நுட்பமான ஒரு கூட்டுறவைக் காண்கிறோம். நார்வேயையும் டென்மார்க்கையும் பிரிக்கும் ஸ்காகெராக் கடலின் அடியில் 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் இரண்டு நேர்திசைக் கேபிள்கள் இறங்கின. இரண்டின் ஆற்றலும் சேர்ந்து 500 மெகாவாட். நார்வேயின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் மலைநீரால் வருவது. மழை பொய்த்த ஆண்டில் அதற்கு வறுமை. டென்மார்க் அந்நாளில் நிலக்கரியை நம்பியிருந்தது. பின்னர்க் காற்றாலைகளை நிரம்ப நாட்டியது. காற்று மிகுந்த இரவில் டேனிஷ் மின்சாரம் வடக்கே போகிறது. நார்வே தன் மதகுகளை மூடி அணைநீரைச் சேமிக்கிறது. காற்று ஓய்ந்த வேளையில் மதகு திறந்து மின்சாரம் தெற்கே வருகிறது. காற்றைக் குதிரில் கொட்டி வைக்க முடியாது; அண்டை வீட்டுக் குதிரில் தண்ணீராகக் கொட்டி வைக்கலாம் என்று கண்டுகொண்டனர்.

இக்கணக்கு எல்லோரையும் கவர்ந்தது. 2008-ல் நார்வேயிலிருந்து நெதர்லாந்துக்கு 580 கிலோமீட்டர் நீளத்தில் கேபிள் சென்றது. 2021-ல் ஜெர்மனிக்கு ஒன்று, பிரிட்டனுக்கு ஒன்று. பிரிட்டனுக்குச் சென்றதன் நீளம் 720 கிலோமீட்டர். இவ்விரண்டும் தனித்தனியே 1400 மெகாவாட் கொண்டு செல்ல வல்லவை. 1954-ன் 20 மெகாவாட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொறியியல் நடந்த தூரம் விளங்கும்.

இங்கேதான் கதை திரும்புகிறது. கேபிள்கள் முடிந்த அதே பருவத்தில் ஐரோப்பாவில் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியது. 2022-ல் உக்ரேன் போர் அதை மேலும் ஏற்றியது. கண்டத்தின் மின்சார விலை எரிவாயுவைப் பின்பற்றி உயர, அந்த விலை கேபிள் வழியே தெற்கு நார்வேக்கும் வந்து சேர்ந்தது. அருவிகளின் நாட்டில் பிறந்து, மலிவு மின்சாரத்தைப் பிறப்புரிமையாகக் கருதிய மக்கள் திகைத்துப் போயினர். குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய விலையின் பெரும்பகுதியை அரசே ஏற்க நேர்ந்தது. கேபிள்களோடு அவ்வளவாகத் தொடர்பற்ற வட நார்வேயில் விலை தாழ்ந்தே இருந்ததால், குற்றவாளி கேபிள்தான் என்பது பலருடைய தீர்ப்பாயிற்று. அணைகளில் நீர் குறைந்திருந்ததும் ஒரு காரணம் என்று வல்லுநர்கள் எடுத்துச் சொன்னார்கள். கட்டணச் சீட்டைக் கையில் வைத்திருப்பவனுக்கு வல்லுநர் பேச்சு எளிதில் ஏறுமா? ஸ்காத்லாந்துக்கு மற்றொரு கேபிள் போட வந்த விண்ணப்பத்தை நார்வே அரசு 2023 மார்ச்சில் மறுத்துவிட்டது. 1970களின் ஸ்காகெராக் கேபிள்களைப் புதுப்பிக்க வேண்டுமா என்பதே அந்நாட்டு அரசியலில் பெருவாதமாயிற்று.

நார்வே மக்களைத் தன்னலமிகள் என்று நாம் தள்ளிவிடுவது தகாது. கேபிள் மின்சாரத்தை மட்டும் கொண்டுவருவதில்லை, விலையையும் கொண்டுவருகிறது. மிச்சமுள்ளவன் வீட்டில் விலை ஏறும், பஞ்சப்பட்டவன் வீட்டில் இறங்கும். இரு நாடுகளின் மொத்தக் கணக்கில் லாபம் உண்டு என்பது உண்மை. அந்த லாபம் மின்நிலைய உடைமையாளரின் பெட்டியில் விழுந்து, நஷ்டம் குடியானவரின் அடுக்களையில் விழுந்தால், மொத்தக் கணக்கைக் காட்டி அவரை யார் தேற்ற முடியும்? முதற் கேபிளைப் போட்டவர்கள் இதைப் போதுமான அளவு எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

கேபிளுக்குப் பழைய பகையாகிய நங்கூரமும் ஓயவில்லை. பின்லாந்தையும் எஸ்தோனியாவையும் இணைக்கும் இரண்டாம் கேபிள் 2024 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் நாளில், அறுந்தது. எண்ணெய்க் கப்பல் ஒன்றின் நங்கூரம் கடலடியில் இழுபட்டதே காரணம் என்று ஐயுற்ற பின்லாந்து அதிகாரிகள் அக்கப்பலைத் தடுத்து வைத்தனர். பழுதுபார்த்துக் கேபிள் மீண்டும் இயங்க 2025 ஜூன் ஆயிற்று. வழக்கு என்னவாயிற்று? சம்பவம் தம் நாட்டுக் கடல் எல்லைக்கு அப்பால் நடந்ததால், அதனை விசாரிக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்று ஹெல்சிங்கி நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறிவிட்டது. கடலடித் தந்திக் கம்பிகளைக் காப்பதற்கென நாடுகள் பாரிசில் கூடி உடன்படிக்கை செய்தது 1884-ல். நூற்றுநாற்பது ஆண்டுகள் சென்றும், நடுக்கடலில் அறுந்த கம்பிக்கு யாரிடம் நீதி கேட்பது என்பது தெளிவாகவில்லை.

2025 பிப்ரவரி 9-ம் நாளை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளும் சோவியத் காலந்தொட்டு ரஷ்யத் தொகுப்பின் தாளத்தில் துடித்துவந்தவை. முந்தின நாள் அத்தொடர்பை அறுத்துக்கொண்டு, ஒரு நாள் தனித்து நின்று, அன்று ஐரோப்பியத் தொகுப்பில் சேர்ந்தன. தாள இணைப்பு போலந்து வழியே நிலத்தில் நடந்தது. எனினும் பின்லாந்திலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் கடலடியில் வரும் நேர்திசைக் கேபிள்கள் முதுகுக்குப் பின்னால் இருந்திராவிட்டால் அத்துணிவு எளிதில் வந்திராது.

அதே நாளில், அதே ஞாயிற்றுக்கிழமையில், இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியது. பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்கருவியில் பட்டதால் தொகுப்பின் சமநிலை குலைந்தது என்று அந்நாட்டு அமைச்சர் கூறினார். உலகம் நகைத்தது. நகைப்புக்குரியது குரங்கன்று. தீவுத் தொகுப்புக்கு உதவிக்கு ஓடிவர அண்டை வீடு இல்லை. ஒரு முனையில் தொட்டால் மறுமுனை வரை விழுந்துவிடும். நுரைச்சோலை அனல்மின் நிலையம் மீண்டும் ஓடும்வரை அடுத்த நாட்களிலும் மின்வெட்டு நீடித்தது. இரண்டு மாதங்களுக்குப் பின், 2025 ஏப்ரல் 28 அன்று, ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது நிலைமை வேறாக இருந்தது. வடக்கே பிரான்சிலிருந்தும், தெற்கே கடலடியில் மொராக்கோவிலிருந்தும் வந்த மின்சாரம் மீட்பு வேலைக்குக் கை கொடுத்தது.

நம் கரைக்கும் இலங்கைக்கும் நடுவே கிடக்கும் பாக் ஜலசந்தி, நார்வேக் கடல்களைப் பார்க்க ஆழமும் அகலமும் மிகக் குறைந்தது. இங்கு மின்சாரம் கடக்க வேண்டும் என்ற பேச்சு 1970களிலேயே எழுந்தது. ஆய்வு செய்வதற்கான ஒப்பந்தம் 2010 ஜூனில் கையெழுத்தாயிற்று. மதுரையிலிருந்து அனுராதபுரம் வரை நேர்திசைத் தொடர், முதலில் 500 மெகாவாட், பின்பு 1000 மெகாவாட் என்பது அன்றைய திட்டம். 2022 மார்ச்சில் எரிபொருள் வாங்கப் பணமின்றி இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, அந்தக் கேபிள் காகிதத்திலேயே இருந்தது. நடைமுறைக்குக் கொண்டுவரும் உடன்பாடு ஒன்று 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் கையெழுத்தாயிற்று.

தடையெல்லாம் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலக் கால்வாய்க்கு உதவிய கடிகார வேற்றுமை இங்கு இல்லை. 2006 முதல் இரு நாடுகளின் கடிகாரமும் ஒன்றே. இலங்கையின் உச்சத் தேவை மாலை விளக்கேற்றும் நேரத்தில் வருகிறது; நமக்கும் சூரிய மின்சாரம் மறையும் அந்த நேரமே நெருக்கடியான நேரம். தென்மேற்குப் பருவக் காற்று மன்னாரிலும் தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய ஒருசேர வீசுகிறது. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது பகல் மின்சாரம் மிஞ்சிப்போய், கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டிக்கொண்டது. அந்தப் பகல் வேளையில் நம்மிடமும் சூரிய மின்சாரத்துக்குக் குறைவில்லை. ஆகவே மதுரைக்கும் அனுராதபுரத்துக்கும் இடையே மட்டும் கணக்குப் பார்த்தால் லாபம் மெலிவாகவே தோன்றும். இமயத்து ஆறுகளும் ராஜஸ்தானத்து வெயிலும் சேர்ந்த அகில இந்தியத் தொகுப்போடு இணைகிறது என்று பார்த்தால்தான் கணக்குக் கொழிக்கிறது.

அளவு வேற்றுமையும் கருதத்தக்கது. 2024 மே மாதத்தில் இந்தியாவின் உச்சத் தேவை 250000 மெகாவாட்டை எட்டியது. இலங்கையின் உச்சத் தேவை 3000 மெகாவாட்டுக்குள் அடங்கும். 500 மெகாவாட் கேபிள் நமக்கு ஒரு துளி. அவர்களுக்கு ஆறில் ஒரு பங்கு. அது திடீரென அறுந்தால் நமக்குத் தெரியக்கூட வராது. அவர்களுடைய தொகுப்போ 2025 பிப்ரவரி 9-ஐ மீண்டும் காணும். பெரிய அண்டை வீட்டானிடம் விளக்கெண்ணெய் வாங்குபவனுக்கு, அவன் நல்லவனாகவே இருந்தாலும், மனத்தில் ஓர் அச்சம் இருக்கத்தான் செய்யும். அவ்வச்சத்தைப் பழிக்காமல், கேபிளை இரண்டாகப் பிரித்து இறக்குவதும், தீவின் சொந்த நிலையங்களைக் கைவிடச் சொல்லாமல் இருப்பதும், விலையைக் கணக்கிடும் முறையை இரு நாட்டு மக்களும் படித்தறியும்படி முன்னதாகவே வெளியிடுவதும் நம் பக்கத்துக் கடமைகள் என்று நாம் கருதுகிறோம். பிற்காலத்தில் எழுந்த புதுவகை மாற்று நிலையங்களுக்கு, முற்றும் இருண்டுபோன தொகுப்பையும் மறுகரையிலிருந்தே எழுப்பிவிடும் ஆற்றல் உண்டு. இத்தீவுக்கு ஏற்றது அவ்வகையே.

மீனவர் வழக்கு எஞ்சியிருக்கிறது. பாக் கடலில் இழுவலை பற்றிய பூசல் இரு நாடுகளுக்கும் இடையே நெடுங்காலமாகப் புகைவது. இலங்கை 2017-ல் இழுவலையைச் சட்டத்தால் தடுத்தது. அடிநிலத்தை வாரும் வலைகள் ஓடும் கடலில், ஆழம் குறைந்த மணலிலும் சேற்றிலும், கேபிளை எவ்வளவு ஆழத்தில் புதைப்பது, புதைத்த பட்டையில் எவர் மீன்பிடிப்பது என்பவை முதலில் தீர வேண்டியவை. தெற்கே மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் 1986 முதல் தேசியப் பூங்காவின் காப்பில் உள்ளவை. பாதையை அவற்றுக்கு ஒதுக்கியே வகுக்க வேண்டும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கேபிள் கப்பலுக்கு அது வாய்ப்பான காலம். அதற்குப் பல பருவங்கள் முன்னதாகவே ராமேசுவரத்திலும் தலைமன்னாரிலும் மீனவர்களை உட்காரவைத்துப் பேசியாக வேண்டும்.